சக்கரம் இறங்கவில்லை என்றால்? சின்ன விமானம் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம், வேலை சின்ன விமானங்களின் பராமரிப்பு. 2024 அக்டோபர் 11 சாயங்காலம் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பு) கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததே, அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு சித்தி போன் பண்ணினார். "ஏன்டா, பக்கத்துலதான ஏர்போர்ட் இருக்கு, எறக்க வேண்டியதுதான? எதுக்குச் சுத்திக்கிட்டே இருக்காங்க?" அன்று ஆரம்பித்தது. அப்புறம் கல்யாண வீட்டில், பஸ்ஸில், விமானம் ஓட்டப் படிக்கும் பிள்ளைகளிடமிருந்து என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரிய விமானங்களை உதாரணத்துக்கு மட்டும் தொடுகிறேன், பேச்சு முழுக்க நான்கு பேர், ஆறு பேர் உட்காரும் விமானம் பற்றித்தான். ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் விமானத்தின் கையேடு ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால், கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

சின்ன விமானத்துக்கும் சக்கரம் உள்ளே மடங்குமா?

பெரும்பாலானவற்றில் மடங்காது. பயிற்சிக்கு அதிகம் ஓடும் செஸ்னா 152, 172 இரண்டுக்கும் சக்கரம் எப்போதும் கீழேதான் தொங்கும். ஓசூருக்குப் பக்கத்தில் தளி ரோட்டில் பெலகொண்டபள்ளி இருக்கிறதே, அங்கே ஒரு தனியார் ஓடுபாதையும் விமானம் கட்டும் ஆலையும் இருப்பது நம் மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது. அங்கே கட்டிய இத்தாலிய வடிவமைப்பான பார்த்தெனாவியா பி-68சி, பெங்களூர் என்ஏஎல் (தேசிய விமான ஆய்வகம்) வடிவமைத்த ஹன்சா-3 இரண்டுமே மடங்காத சக்கரம் உள்ளவை. பைப்பர் ஆரோ, பைப்பர் செனிகா, பீச்கிராஃப்ட் போனான்சா, டயமண்ட் டிஏ42, செஸ்னா 172-இலேயே ஆர்ஜி என்று ஒரு ரகம், இவை போன்றவைதான் மடங்குபவை. காற்றின் தடை குறைந்து வேகம் கூடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பதிலுக்கு ஒரு பம்ப், அரை டஜன் சுவிட்ச், கொஞ்சம் குழாய், நிறைய ஒயர் எல்லாம் கூடவே வரும், இந்தப் பக்கத்தில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அவற்றால் வருபவைதான்.

சக்கரம் இறங்கியதா இல்லையா என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

மூன்று சக்கரத்துக்கு மூன்று பச்சை விளக்கு. சக்கரம் முழுசாக இறங்கி, பூட்டும் விழுந்த பிறகுதான் பச்சை எரியும். பாதியில் நிற்கிறது என்றால் சிவப்போ மஞ்சளோ எரியும், நிறம் விமானத்துக்கு விமானம் மாறும். மேலே மடங்கிவிட்டால் பெரும்பாலும் எதுவும் எரியாது. இதைத் தவிர, சக்கரத்தை இறக்காமல் இன்ஜின் சக்தியைக் குறைத்தால் ஒரு ஹாரன் அலறும்.

'இறங்கியிருக்கிறது' வேறு, 'பூட்டியிருக்கிறது' வேறு. ஏணியை விரித்துச் சுவரில் சாய்த்துவிட்டு நடுக் கொக்கியை மாட்டாமல் ஏறினால் என்ன ஆகும்? அதேதான். வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

இறங்கப் போகிற நேரம். இரண்டு பச்சைதான் எரிகிறது. முதல் வேலை என்ன?

விமானத்தை ஓட்டுவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சக்தியைக் கூட்டி, இறங்கும் முயற்சியை விட்டுவிட்டு மேலே ஏறி, மலை எதுவும் இடிக்காத உயரத்துக்குப் போய், விமானத்தை நேராக நிலைப்படுத்திய பிறகுதான் அந்த எரியாத விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன்னால் அதன் பக்கம் விரலே போகக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்தில் ஈஸ்டர்ன் 401 என்ற பெரிய விமானத்துக்கு நடந்தது இதுதான். மூக்குச் சக்கரத்தின் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடியில் ஆட்டோபைலட்டை (விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி) போட்டுவிட்டு, கேப்டன், துணை விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், கூட வந்த பராமரிப்புக்காரர் எல்லோருடைய கவனமும் அந்த விளக்கின் மேலேயே இருந்தது. யாரோ ஸ்டீயரிங் தண்டின் மேல் சாய்ந்ததில் உயரத்தைப் பிடித்து வைத்திருந்த அமைப்பு விடுபட்டு, விமானம் மெல்ல மெல்ல இறங்கி, இருட்டில் சதுப்பு நிலத்தில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை, நன்றாகவே இறங்கியிருந்தது. பல்ப்தான் ஃபியூஸ் போயிருந்தது.

சக்கரம் இறங்காமல் வயிற்றில் உரசி நின்ற சின்ன விமானங்களிலிருந்து பெரும்பாலும் எல்லோரும் நடந்துதான் வெளியே வருகிறார்கள், ஆள் சாவது அந்தக் கோளாறைப் பார்த்துக்கொண்டே வேறு எதையோ கோட்டை விட்டதால்தான். சித்தியிடமும் இதைத்தான் சொன்னேன், "சுத்துறாங்கன்னா நல்லா யோசிக்கிறாங்கன்னு அர்த்தம், நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க."

இரண்டு பேர் இருந்தால் வேலையை வாய்விட்டுப் பிரித்துக்கொள்ள வேண்டும்: ஓட்டுவது ஒருவர், கையேட்டைப் படிப்பது இன்னொருவர். தனியாக இருந்தால் ஒரு வரி படி, ஒரு முறை வெளியே பார், உயரம் பார், அடுத்த வரி படி.

மேலே ஏறியாகிவிட்டது. இப்போது எதைப் பார்ப்பது?

சின்னதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு கதை சொல்கிறேன், யாருடைய விமானம் என்று சொல்ல மாட்டேன். பைப்பர் ஆரோ ஒன்றை ஹேங்கருக்கு, அதாவது எங்கள் விமானக் கொட்டகைக்கு, கொண்டுவந்தார்கள், முந்தைய நாள் மூன்று பச்சையும் எரியவே இல்லையாம், கை நெம்புகோலால் இறக்கி, முகம் வெளுத்துப்போய்த் தரையிறங்கியிருக்கிறார்கள். ஜாக்கில் ஏற்றி இருபது தடவை மடக்கி இறக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் 'டக்', 'டக்', 'டக்' என்று மூன்று பூட்டும் சுத்தமாக விழுந்து மூன்று பச்சையும் வந்தது. ஒன்றும் புரியாமல் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்த ஜூனியர் பையன், ஹேங்கர் இருட்டாக இருக்கிறதே என்று டேஷ்போர்டு விளக்கின் குமிழைத் திருகினான். பச்சை மூன்றும் மங்கிப்போனது, இருட்டில் நன்றாகத் தெரியும், ஆனால் பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாத அளவு மங்கல். இந்த ரகத்தில் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், ராத்திரியில் கண் கூசக் கூடாது என்பதற்காக. அதற்கு முந்தைய ராத்திரி ஓட்டியவர் குமிழை அணைக்காமல் போயிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம்.

அதனால் முதலில் அந்தக் குமிழ். அப்புறம் பல்ப். பல ரகங்களில் மூன்று பச்சையும் ஒரே அளவு பல்ப், எரிகிறதைக் கழற்றி எரியாத இடத்தில் போட்டுப் பார்க்கலாம். கீழே விழுந்தால் குனிந்து தேடாதீர்கள், போகட்டும்.

அப்புறம் கரண்ட். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் செத்து பேட்டரி இறங்கியிருந்தால் பம்ப் மோட்டார் சுற்றாது, விளக்கும் எரியாது. சர்க்யூட் பிரேக்கர் (கரண்ட் அளவு மீறினால் தானாக வெளியே வந்து துண்டிக்கும் பொத்தான்) துருத்திக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், கண்ணால் பார்ப்பதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். வந்திருந்தால் கையேடு அனுமதிக்கும் இடத்தில் ஒரே ஒரு முறை உள்ளே தள்ளலாம், மறுபடி வந்தால் விட்டுவிட வேண்டும், ஒயர் எங்கோ சுடுகிறது என்று அர்த்தம். இந்த பிரேக்கரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2011 நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து போலந்தின் வார்சாவுக்கு 231 பேரோடு வந்த போயிங் 767 சக்கரமே இல்லாமல் வயிற்றில் இறங்கியது. ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. விசாரணையில் பார்த்தால், ஹைட்ராலிக் போனதும் மாற்று வழியில் சக்கரத்தை இறக்கியிருக்கலாம், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பிரேக்கர் ஒன்று வெளியே வந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எல்லாம் பார்த்தும் இறங்கவில்லை. கையால் இறக்க வழி உண்டா?

உண்டு, மடங்கும் சக்கரம் உள்ள எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மாற்று வழி இருக்கும், ஆனால் ரகத்துக்கு ரகம் வேறு. பைப்பர் ஆரோவிலும் டயமண்ட் டிஏ42-விலும் சக்கரத்தை மேலே தாங்கிப் பிடித்திருப்பதே ஹைட்ராலிக் அழுத்தம்தான், நெம்புகோலை இயக்கி அந்த அழுத்தத்தை விட்டுவிட்டால் சக்கரம் தன் எடையிலேயே விழுந்துவிடும். செஸ்னா ஆர்ஜி ரகத்தில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு கை பம்ப் இருக்கும், தெரு அடிபம்பு மாதிரிதான், கை கனக்கும் வரை அடிக்க வேண்டும். போனான்சாவில் முன் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி, கிட்டத்தட்ட 50 சுற்று சுற்ற வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து பின்பக்கம் கையை வளைத்து ஐம்பது சுற்று சுற்றிக்கொண்டே விமானத்தையும் நேராக ஓட்டுவது என்ன லட்சணத்தில் இருக்கும் என்று தரையில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

மூன்று விஷயம் மறக்கக் கூடாது. வேகத்தைக் குறைக்காமல் இதைச் செய்யாதீர்கள், காற்று சக்கரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பூட்டு விழ விடாது. சக்கரத்தின் சாதாரண நெம்புகோல் எந்த நிலையில் இருக்க வேண்டும், பம்ப் பிரேக்கரை இழுக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் உள்ள வரிசைப்படியே செய்யுங்கள். கடைசியாக, ஒருமுறை இறங்கிப் பூட்டிவிட்டால் 'மேலே போகிறதா பார்ப்போம்' என்று மறுபடி மடக்கவே கூடாது. இந்தக் கை அரிப்பால் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டு விழாமல் லேசாகத் தொங்கிக்கொண்டிருந்தால், சுக்கானை இடமும் வலமும் மெல்ல மிதித்து விமானத்தை ஆட்டினால் பக்கச் சக்கரங்கள் விழுந்து பூட்டிக்கொள்வதுண்டு. வேகம் எல்லைக்குள் இருக்கும்போது மட்டும்.

விமான நிலைய டவர் பக்கத்தில் தாழப் பறந்து, "பாருங்க, இறங்கியிருக்கா" என்று கேட்கலாமே?

கேட்கலாம், பெரிதாக நம்ப வேண்டாம். சக்கரம் தொங்குகிறது என்று அவர் சொல்வார், பூட்டியிருக்கிறதா என்று பைனாகுலரில் தெரியாது. அதற்காக ஐம்பது அடியில், மெதுவான வேகத்தில் பறந்து அங்கே ஒரு வினையை இழுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு சக்கரம் அசையவே இல்லையா என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு உபயோகப்படும், அதைப் பத்திரமான உயரத்தில், பத்திரமான வேகத்தில் செய்தால் போதும்.

சரி, ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள்? பெட்ரோலைக் கொட்டினால் என்ன?

சின்ன விமானத்தில் பெட்ரோலைக் கொட்டும் வசதியே கிடையாது, பெரியதிலும் சிலவற்றில்தான் உண்டு. அதனால் எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோ மாதிரி ஒன்று மணிக்கு ஏறக்குறைய 35-40 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் விமானப் பெட்ரோல் சுமார் 0.72 கிலோ. ஒரு மணி நேரம் சுற்றினால் 30 கிலோகூடக் குறையாது, விமானத்தின் எடையோ 1,200 கிலோவுக்குப் பக்கம். எடை குறைப்பதற்காக மட்டும் சுற்றுவது சின்ன விமானத்தில் பெரிய லாபம் இல்லை. கோளாறை நிதானமாகப் பார்க்க, கீழே தீயணைப்பு வண்டி தயாராக, உள்ளே இருப்பவர்கள் பெல்ட்டை இறுக்கிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, அதுதான் லாபம். உரசி நிற்கும்போது டாங்கில் பெட்ரோல் குறைவாக இருப்பதும் நல்லதுதான்.

ஆனால் அளவு மீறினால் விஷம். 1978 டிசம்பர் 28, அமெரிக்காவில் போர்ட்லண்ட். யுனைடெட் 173, 189 பேர். சக்கரம் இறங்கும்போது 'தடால்' என்று சத்தம், விளக்கில் சந்தேகம். கேப்டன் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் பெட்ரோல் குறைவதைச் சொன்னார்கள், சொன்ன விதத்தில் உறைக்கவில்லை. நான்கு இன்ஜினும் ஒவ்வொன்றாக நின்று ஊருக்குள் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அங்கேயும் சக்கரம் இறங்கிப் பூட்டித்தான் இருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேப்டன் காதில் வாங்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று விமானிகளுக்குத் தனியாகப் பயிற்சி வந்ததில் இந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் சுற்ற ஆரம்பிக்கும்போதே மணி பார்த்து, 'இத்தனை மணிக்கு என்ன ஆனாலும் இறங்குகிறேன்' என்று ஒரு நேரம் குறித்துவிட வேண்டும், பொழுது சாய்வதற்குள். இறங்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இன்னொரு தடவை சுற்றி வரவும் பெட்ரோல் இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிக்கு மேலே பறக்கும்போது இப்படி ஆனால் எங்கே போவது? என்எச் 44 இவ்வளவு அகலமாக இருக்கிறதே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. இன்ஜின் நன்றாக ஓடும்போது ரோட்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ரோட்டில் லாரிக்கே உத்தரவாதம் இல்லை. கிருஷ்ணகிரி டோல்கேட், மேம்பாலம், நடுவில் அரளிச் செடி, குறுக்கே மின்கம்பி, எதிரே கர்நாடகா பஸ். சக்கரம் கெட்ட விமானத்துக்கு வேண்டியது நீளமான ஓடுபாதை, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். இதில் எதுவும் ரோட்டில் கிடையாது. இன்ஜின் நின்றுபோனால் கதை வேறு.

நமக்குத் தெற்கே சேலம் விமான நிலையம், ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், சுமார் 1,800 மீட்டர் ஓடுபாதை. வடக்கே பெங்களூர், பழைய எச்ஏஎல் நிலையமும் தேவனஹள்ளியும், இரண்டும் நீளத்துக்குக் குறைவில்லை. நடுவில் ஓசூர் தனியார் ஓடுபாதை, அதுவும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளில் முன் அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது, உயிர் ஆபத்து என்றால் எந்த ஓடுபாதையும் உங்களுடையதுதான். சேலத்துக்கும் ஓசூருக்கும் வான்வழியில் 100 கிலோமீட்டர்தான், ஆரோ அரை மணியில் தாண்டிவிடும். அதாவது கையில் பெட்ரோல் இருந்தால் தேர்ந்தெடுக்க நேரமும் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும்போது உயரத்தையும் கணக்கில் வையுங்கள். ஓசூர் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி. உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் வேக மீட்டர் குறைத்துக் காட்டும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் என்ற கணக்கில், மீட்டர் 65 நாட் (விமான வேகத்தின் அளவு) காட்டினாலும் உண்மையில் 69-இல் தரையைத் தொடுகிறீர்கள், வெயில் நாளில் இன்னும் கூட. உரசி நிற்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும், ஆக 12 சதவீதத்துக்கு மேல் அதிகம். மறுபக்கம், நேர் எதிரே 10 நாட் காற்று அடித்தால் 65 என்பது தரைக்கு 55 ஆகி, ஆற்றல் முக்கால் பங்குக்கும் கீழே போய்விடும். அதனால் காற்று எதிரே வரும் முனையைத் தேர்ந்தெடுப்பதில் ஐந்து நிமிஷம் கூடப் போனாலும் பரவாயில்லை.

சுற்றுகிற இடத்திலும் கவனம். தர்மபுரிக்குப் பக்கத்தில் வத்தல்மலை, தெற்கே சேர்வராயன், மேற்கே ஒகேனக்கல் பக்கம் மேலகிரி. சமவெளிதானே என்று தாழச் சுற்றினால், மேகம் இறங்கும் நாளில் மலை தெரியாது.

ரேடியோவில் என்ன சொல்ல வேண்டும்?

உடனடி உயிர் ஆபத்து இல்லை, ஆனால் உதவி வேண்டும் என்றால் 'பான் பான்' மூன்று முறை. ஆபத்து என்றால் 'மேடே' மூன்று முறை. பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலேயே சொல்லுங்கள், யாரும் கிடைக்காவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசை. ரேடாருக்கு நம் அடையாள எண்ணை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் 7700. எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்குப் பெட்ரோல், என்ன செய்யப் போகிறீர்கள், இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறவர்கள்தான் எனக்குக் கோபம் வரவழைக்கிறவர்கள். கடைசியில் பல்ப்தான் என்று தெரிந்தாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை.

தார் ஓடுபாதையில் உரசினால் தீப்பிடிக்குமே, மண் தரை நல்லதில்லையா? நுரை அடிப்பார்களாமே?

தார்தான் நல்லது. மெத்தென்ற மண்ணில் வயிறோ இறக்கை நுனியோ குத்தி, விமானம் திடீரென்று நின்றுவிடும் அல்லது சுழன்று கவிழும். தாரில் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும், பொறி பறக்கும், பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஓடுபாதை நெடுக நுரை பரப்புவது பழைய காலத்துப் பழக்கம், இப்போது அந்த நுரையை வண்டியிலேயே தயாராக வைத்திருப்பார்கள்.

ஒரு சக்கரம் மட்டும் மாட்டிக்கொண்டால்?

மூக்குச் சக்கரம் மட்டும் வரவில்லை என்றால் இருப்பதிலேயே லேசான தொல்லை: பக்கச் சக்கரம் இரண்டிலும் இறங்கி, மூக்கை முடிந்தவரை தூக்கிப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு மெல்லக் கீழே வைக்க வேண்டும், பிரேக்கைத் தொடாமல்.

பக்கச் சக்கரம் ஒன்று வரவில்லை என்றால் தலைவலி. ஒற்றைக்கால் விமானம் தரையில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். பல கையேடுகள் முடிந்தால் எல்லாவற்றையும் மடக்கிவிட்டு வயிற்றிலேயே இறங்கச் சொல்கின்றன, நேராக வழுக்கும் என்பதால். ஒருமுறை இறங்கிவிட்டால் மடக்காதே என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு, அதுவும் கையேடு சொன்னால் மட்டும். மடக்க முடியாவிட்டால், நல்ல சக்கரம் இருக்கும் பக்கமாக ஓடுபாதையின் ஓரத்தில் இறங்கி, கெட்ட பக்கத்து இறக்கையை ஏலரானால் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் பலகை) எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் தூக்கிப் பிடிக்க வேண்டும். இறக்கை விழுந்ததும் விமானம் அந்தப் பக்கம் திரும்பும், திரும்ப அங்கே இடம் இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம் இறங்குவது.

வயிற்றில் இறங்கும்போது இன்ஜினை முன்னாலேயே அணைத்தால் புரொப்பல்லர் தப்பிக்குமே?

தப்பிக்கலாம். சிலர் ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டி இறகைப் படுக்கை வசமாக நிறுத்தப் பார்ப்பார்கள். எனக்கு வேலை வைக்கிற விஷயம் இது, அதனால் நானே சொல்கிறேன்: வேண்டாம். புரொப்பல்லர் தரையில் தட்டினால் இன்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், வயிற்றுத் தகடு, ஆன்டெனா எல்லாம் போகும், செலவுதான். ஆனால் கடைசி நூறு அடியில் கவனம் விமானத்தின் வேகத்தில் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் பொத்தானில் இல்லை, தவிர மறுபடி சுற்றி வர வேண்டியிருந்தால் இன்ஜின் வேண்டும். ஓடுபாதை கைக்குள் வந்தது உறுதியான பிறகு எரிபொருள் வால்வு, மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் குமிழ்), மாஸ்டர் சுவிட்ச் எல்லாவற்றையும் கையேட்டில் உள்ள வரிசையில் அணையுங்கள். விமானத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

இறக்க மறந்துபோவது உண்மையிலேயே நடக்குமா?

நடக்கும். எதுவுமே கெடாமல், விமானி இறக்க மறந்ததால் வயிற்றில் இறங்கியவை நிறைய. ஹாரன் அலறிக்கொண்டிருக்க, அது என்ன சத்தம் என்றே தெரியாமல் இறங்கியவர்கள் இருக்கிறார்கள். ரேடியோவில் யாரோ நடுவில் பேசுவார்கள், வேறு விமானம் குறுக்கே வரும், வழக்கமான வரிசை அறுந்துபோகும், அறுந்த இடத்தில் சக்கரம் இருக்கும். ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது ஒரு முறை, கடைசித் திருப்பத்துக்குப் பிறகு ஒரு முறை, மூன்று பச்சையையும் விரலால் தொட்டு வாய்விட்டு எண்ணுங்கள்.

அப்படியானால் மடங்காத சக்கரம் என்றால் கவலையே இல்லையா?

இருக்கிறது, வேறு மாதிரி. பயிற்சி விமானத்தில் நான் அதிகம் பார்ப்பது மூக்குச் சக்கரத்தின் கால் வளைந்து வருவதுதான். வேகமாக வந்து, தட்டையாகத் தரையைத் தொட்டு, துள்ளி, மறுபடி தொட்டு, மறுபடி துள்ளி, மூன்றாவது துள்ளலில் மூக்கு முதலில் இறங்கும், கால் மடங்கும், புரொப்பல்லர் தரையைத் தோண்டும். முதல் துள்ளலிலேயே சக்தி கொடுத்துச் சுற்றி வந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கிளம்புவதற்கு முன் குனிந்து பார்க்கச் சொல்வதை மாணவர்கள் சடங்காகச் செய்கிறார்கள். மூக்குச் சக்கரத்தின் காலுக்குள் எண்ணெயும் நைட்ரஜனும் இருக்கும், வெளியே பளபளப்பான தண்டு சில விரற்கடை தெரிய வேண்டும். தண்டே தெரியாமல் உட்கார்ந்திருந்தாலோ, எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ எங்களைக் கூப்பிடுங்கள். டயர் வெட்டு, பிரேக் குழாயில் ஈரம் இதையும். குளவியையும் விட்டுவிடாதீர்கள், நம்ம ஊர்க் குளவி எந்த ஓட்டையையும் விடாது. பழைய ஆரோ சிலவற்றில் வேகம் குறைந்தால் சக்கரம் தானாக இறங்கும் ஏற்பாடு உண்டு, காற்றின் அழுத்தத்தை உணர வெளியே ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் குளவி மண் கூடு கட்டினால், நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே 'வேகம் இல்லை' என்று நினைத்துச் சக்கரம் இறங்கிவிடும், அல்லது மடங்க மறுக்கும்.

நான் பயணியாக உட்கார்ந்திருந்தால்?

விமானியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கேட்டதை மட்டும் செய்யுங்கள். கையேட்டைப் படிக்கச் சொன்னால் சத்தமாக, ஒரு நேரத்துக்கு ஒரு வரி. மூக்குக் கண்ணாடி, சட்டைப்பை பேனா எடுத்துவிடுங்கள், பெல்ட்டை இடுப்போடு இறுக்குங்கள். தரையைத் தொடும் முன் கதவைத் திறந்து நடுவில் ஒரு செருப்பைச் செருகச் சொல்வார், உடல் நெளிந்தால் கதவு மாட்டிக்கொள்ளும் என்பதற்காக. நின்றதும் பையை விட்டுவிட்டு, முன்பக்கம் புரொப்பல்லர் பக்கம் போகாமல், காற்று வரும் திசை நோக்கி ஓடுங்கள்.

எங்க மாந்தோப்பில் ஒன்று வந்து விழுந்தால் நாங்கள் என்ன செய்வது?

112-க்கோ 108-க்கோ போன் பண்ணுங்கள். முன்பக்கமாகப் போகாதீர்கள், நின்றிருக்கும் புரொப்பல்லரும் அசைந்தால் ஒரு சுற்று சுற்றிவிடும். பீடி, சிகரெட், டிராக்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் வாசனை அடிக்கும். உள்ளே இருப்பவர்களை வெளியே எடுக்க எதை உடைத்தாலும் தப்பில்லை. ஆள் வெளியே வந்த பிறகு ஒரு ஆணியைக்கூட நகர்த்தக் கூடாது, டெல்லியிலிருந்து விசாரணைக்காரர்கள் வந்து பார்க்கும் வரை. நெம்புகோல் எந்தப் பக்கம் இருந்தது, எந்த பிரேக்கர் வெளியே நின்றது என்பதை வைத்துத்தான் காரணம் கண்டுபிடிப்பார்கள், செல்ஃபிக்காக உள்ளே ஏறி உட்காரும் பையன் முதலில் கை வைப்பதே அங்கேதான். ஒடிந்த மரங்களைத் தள்ளி நின்று போட்டோ எடுத்து, விஏஓ-விடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.